மதுரை – சென்னை: 417 கிலோமீட்டருக்கு எதுக்கு ஒண்ணேகால் மணி நேரம்?

கேள்வி, மேலூர் வாசகர். ஜூலை 6, 2024, இரவு 9.40

மதுரை ஏர்போர்ட்டுல இருந்து சென்னை ஏர்போர்ட்டுக்கு வான்வழி தூரம் 417 கி.மீ.ன்னு ஒரு தளத்துல போட்டிருக்கு. ஜெட் விமானம் மணிக்கு 800க்கு மேல போகும்ங்கிறாங்க. கணக்குப்படி அரை மணி நேரத்துல இறங்கிரணும். ஆனா அப்பாவுக்கு டிக்கெட் பார்த்தா ஒரு விமானத்துக்கு 1 மணி 20 நிமிஷம், இன்னொண்ணுக்கு 1 மணி 35 காட்டுது. மிச்ச நேரம் மேல என்னதான் பண்றாங்க? எங்க மாமா வேற, "தூரம் 460டா, அதான் நேரமாகுது"ன்னு சாதிக்கிறாரு. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்கண்ணே.

பதில். ஜூலை 6, இரவு 11.15

மாமா சொல்ற 460 ரோட்டுக் கணக்கு. 417தான் வான்வழி. ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க.

டிக்கெட்டுல இருக்கிறது பறக்கிற நேரமே கிடையாது தம்பி. இங்க சக்கரத்துக்கு அடியில வச்சிருக்கிற கட்டையை எடுத்ததுல இருந்து, அங்க திரும்பக் கட்டை வைக்கிற வரைக்கும் உள்ள நேரம். வண்டியைப் பின்னால தள்றது, ஓடுதளத்து நுனி வரைக்கும் உருண்டு போறது, சென்னையில இறங்கி நிறுத்துற இடத்துக்கு ஊர்ந்து வர்றது எல்லாம் அதுக்குள்ள அடக்கம். சக்கரம் தரையை விட்டுத் திரும்பத் தரையைத் தொடுற நேரம் மட்டும் பார்த்தா ஜெட்டுக்கு முக்கால் மணியில இருந்து அம்பது நிமிஷம்.

மதுரை மேலவெளி வீதியில டிக்கெட் போட்டுக் கொடுக்கிறதுதான் நம்ம பொழப்பு. இந்தக் கேள்வி கவுண்டருக்கு வராத வாரம் இல்ல. நாளைக்கு விவரமா எழுதுறேன்.

ஜூலை 7, காலை 7.30

அந்த முக்கால் மணியும் ஏன் ஆகுதுன்னு பார்ப்போம். 417 கி.மீ.யை மூணாப் பிரிச்சுக்கங்க. ஏர்பஸ் 320 வண்டி இந்தத் தூரத்துக்கு 25,000 அடி ஏறுதுன்னு வைங்க. அந்த உயரத்தைப் பிடிக்கிறதுக்குள்ளயே 150 கி.மீ. சுமாருக்குப் போயிரும். இறக்கத்துக்கு விமானிங்ககிட்ட ஒரு மனக்கணக்கு இருக்கு: ஆயிரம் அடி இறங்க மூணு கடல்மைல் வேணும். 25,000 அடிக்கு 75 கடல்மைல். ஒரு கடல்மைல் 1.852 கி.மீ.; ஆக 139 கி.மீ. இந்த ரெண்டையும் கழிச்சா நடுவுல சமமாப் பறக்க மிஞ்சுறது 130 கி.மீ.கூட இல்ல. நீங்க சொல்ற 800 சொச்சம் வேகம் அந்தப் பத்து நிமிஷத்துக்குத்தான்.

10,000 அடிக்குக் கீழ 250 நாட் வேகத்தை, அதாவது மணிக்கு 250 கடல்மைலைத் தாண்டக்கூடாதுன்னு பொது விதி உண்டு. அது மணிக்கு 463 கி.மீ. ஏறும்போதும் உண்டு, இறங்கும்போதும் உண்டு. இந்தத் தூரத்துக்கு ஜெட் விடுறது டவுன் பஸ்ஸுல அஞ்சாவது கியர் போடுற மாதிரிதான். போட்ட உடனே சிம்மக்கல் ஸ்டாப் வந்துரும்.

சாண்ட்விச் தர்ற பொண்ணுங்க ஏன் அப்படி ஓடுறாங்கன்னு இப்பப் புரிஞ்சிருக்கும். சீட் பெல்ட் விளக்கு அணைஞ்சதுக்கும் மறுபடி எரியறதுக்கும் நடுவுல தள்ளுவண்டி முன்னாலருந்து பின்னால போய்த் திரும்பணும். பின் வரிசைக்காரங்களுக்கு டீ வர்றதும் குப்பைப் பை வர்றதும் ஒண்ணாத்தான்.

ஜூலை 7, மதியம்

1 மணி 35 காட்டுறது ஏடிஆர் 72. இறக்கைக்கு அடியில காத்தாடி சுத்துற வண்டி. முழு வேகமே மணிக்கு 500 கி.மீ.தான். "அப்ப ரெண்டு மடங்கு நேரம் ஆகணுமே"ன்னா, ஆகாது. 417ஐ 830ஆல வகுத்தா 30 நிமிஷம், 500ஆல வகுத்தா 50 நிமிஷம். தலைகீழா நின்னாலும் வித்தியாசம் 20 நிமிஷம். அதுலயும் ஜெட்டு தன் வேகத்தைக் காட்ட இடமே இல்லைன்னு காலையில பார்த்தோம். அதனால டிக்கெட்டுல கால் மணி நேரம் வித்தியாசம் வருது, அவ்வளவுதான்.

கவுண்டர்ல "சின்ன வண்டி வேணாம்"னு சொல்றவங்க நிறைய. எனக்கு ஏடிஆர்தான் பிடிக்கும். பின்னால இருக்கிற கதவு வழியா ஏறணும், முன்னால பெட்டிக்கான இடம். இறக்கை தலைக்கு மேல இருக்கும், அதனால சன்னலை எதுவும் மறைக்காது. நடு வரிசையில உட்கார்ந்தா சக்கரம் கண்ணுக்கு நேரா தெரியும். ஓடுதளத்துல தடதடன்னு உருண்டுக்கிட்டே இருக்கும், திடீர்னு அந்த ரப்பர் தரையை விட்டு ஒரு சாண் கீழ தொங்கும், சுத்திக்கிட்டே மடங்கி வயித்துக்குள்ள போயிரும். ஜெட்டுல எந்த சன்னலுக்கும் இது கிடைக்காது.

ஜூலை 8

"நான் பார்த்த தளத்துல 1 மணி 1 நிமிஷம்னு துல்லியமா போட்டிருக்கே"ன்னு ஒருத்தர் கேட்டிருக்காரு. அந்தத் துல்லியத்தை நம்பாதீங்க. இந்த மாதிரித் தளங்கள் நிறைய ஒரே சூத்திரத்தைத்தான் வச்சிருக்கு: தூரத்தை 800 சொச்சத்தால வகு, ஏற இறங்க அரை மணி கூட்டு. மதுரை–சென்னைக்கும் அதேதான், மாஸ்கோ–டோக்கியோவுக்கும் அதேதான். காத்து, ஓடுதளம், வண்டி என்ன ரகம், எதுவும் அதுக்குத் தெரியாது.

ஜூலை 12

ஓய்வு பெற்ற பூகோள வாத்தியார் ஒருத்தர் இந்தக் கேள்வி–பதில் இழைக்குள்ள வந்து, "417ஐ நீங்களே போட்டுப் பார்த்தீங்களா, இல்ல தளம் சொன்னதை அப்படியே ஒப்பிக்கிறீங்களா?"ன்னு கேட்டாரு. நியாயம். சார், போட்டாச்சு.

மதுரை ஓடுதளம் வடக்கு அட்சம் 9.83, கிழக்கு தீர்க்கம் 78.09. சென்னை 12.99, 80.17. தெற்கு வடக்கா வித்தியாசம் 3.155 பாகை. ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு ஒரு கடல்மைல், ஆக 189 கடல்மைல். கிழக்கு மேற்கா 2.077 பாகை. இங்க கொஞ்சம் உஷாரா இருக்கணும். தீர்க்கக் கோடுங்க வடக்க போகப் போக நெருங்கும், அதனால நடு அட்சமான 11.4 பாகையோட கொசைன், 0.98ஆல பெருக்கணும். 122 கடல்மைல் வரும். மிச்சம் பிதாகரஸ். 225 கடல்மைல். 1.852ஆல பெருக்கினா 417 கி.மீ.

மீனாட்சி அம்மன் கோயில்ல இருந்து சென்னை சென்ட்ரலுக்குப் போட்டா 420ஐத் தாண்டும். தளத்துக்குத் தளம் அஞ்சாறு கி.மீ. மாறுறது இதனாலதான். சிலது ஊருக்கு ஊர் அளக்குது, சிலது ஓடுதளத்துக்கு ஓடுதளம்.

ஜூலை 12, இரவு

வாத்தியார் விடலை. "பூமி உருண்டையாச்சே, வளைவுக் கணக்கு எங்க?" சார், இந்தத் தூரத்துல வளைவால வர்ற வித்தியாசத்தைப் பாருங்க. மதுரை ஏர்போர்ட்டு இருக்கிற பெருங்குடியில தரையைத் தோண்டி சென்னை மீனம்பாக்கம் வரைக்கும் நேர்கோட்டுல சுரங்கம் வெட்டினாலும் மிச்சமாகிறது 75 மீட்டர். அதே மாதிரி 8 கி.மீ. உயரத்துல பறக்கிறதால கூடுறது அரை கிலோமீட்டர். வளைவு எல்லாம் அமெரிக்கா போறவங்க கவலைப்பட வேண்டியது.

ஜூலை 13

ராத்திரி தூக்கம் வராம அட்லாஸ்ல ஸ்கேல் வச்சுக் கோடு போட்டேன். இதை யாரும் சொல்லி நான் கேட்டதில்ல, அதனால கொஞ்சம் நீட்டி எழுதுறேன், பொறுத்துக்கங்க.

மதுரை ஓடுதளத்துல இருந்து சென்னை ஓடுதளத்துக்கு நேர்கோடு போட்டா அது திருச்சி ஏர்போர்ட்டு மேலயே போகுது. பக்கத்துல இல்ல, மேலயே. மதுரை–திருச்சி 123 கி.மீ., திருச்சி–சென்னை 294 கி.மீ., கூட்டினா அதே 417. அதுக்கப்புறம் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவுல புகுந்து, விழுப்புரம், திண்டிவனம், செங்கல்பட்டு மூணு ஊர்த் தலை மேலயும் போகுது. கீழ நாற்கரச் சாலை, பக்கத்துலயே ரயில் பாதை, மேல நம்ம கோடு. தமிழ்நாட்டுல வடக்க போறவன் எல்லாம் ஒரே தடத்துலதான் போறான்.

அதான் ரோடு 460லயே முடிஞ்சிருது. வான்வழியை விட நாற்பத்து மூணு கி.மீ.தான் கூடுதல். மேலூர், துவரங்குறிச்சி, விராலிமலைன்னு ரோடு நேராப் பிடிக்குது. ரயில் 490ஐ எட்டுறது திண்டுக்கல் போய்ச் சுத்துறதால.

கோயம்புத்தூரை இதோட வச்சுப் பாருங்க. ஓடுதளத்துக்கு ஓடுதளம் 176 கி.மீ. நேரடி விமானம் கிடையாது. விமானத்துலதான் போவேன்னு அடம் பிடிச்சா சென்னையோ வேற ஊரோ போய் மாறணும். கொச்சி 189 கி.மீ., நடுவுல மேற்குத் தொடர்ச்சி மலை, போடிமெட்டோ குமுளியோ ஏறி இறங்கினா ஒரு பகல் போயிரும். விமானம் உண்மையில வேண்டியது அங்கதான், ஆனா அங்க போறதில்ல. ஆள் கூட்டம் எங்க இருக்கோ அங்கதான் போகும்.

ஜூலை 13, மதியம்

மேலூர் தம்பிக்கு: இல்ல, உங்க வீட்டு மேல போகாது. கோடு மேலூருக்கு மேற்க பத்துப் பன்னிரண்டு கி.மீ. தள்ளிப் போகுது. அதுவும் ஸ்கேல் கோடு. நிஜ வண்டி கட்டுப்பாட்டு அறை சொல்ற வழியில அங்கிட்டு இங்கிட்டு விலகும்.

ஜூலை 20

ஆடி பிறந்தாச்சு, காத்தும் பிச்சு உதறுது. வில்லாபுரத்துல மொட்டை மாடியில துணி நிக்கல. இது இந்த இழைக்குச் சம்பந்தப்பட்ட விஷயம்தான்.

விமானம் ஏறுறதும் இறங்குறதும் காத்துக்கு எதிராத்தான். மதுரை ஓடுதளம் கிழக்கு மேற்கா கிடக்கு. ஆடியில மேகாத்து, அதாவது மேற்க இருந்து வீசுற காத்து, அதனால வண்டி மேற்க பார்த்து ஏறும். ஆனா போக வேண்டியதோ வடகிழக்க. ஏறின பிறகு வளைஞ்சு திரும்பணும். சென்னையில முக்கிய ஓடுதளம் தென்மேற்கு வடகிழக்கா கிடக்கு. காத்து தென்மேற்குல இருந்து வீசும்போது கடல் பக்கமிருந்து வந்து பரங்கிமலையை ஒட்டி இறங்கணும். தெற்கே இருந்து போற நம்ம வண்டி ஏர்போர்ட்டைத் தாண்டிக் கடல் மேல போய், வளைஞ்சு, திரும்பி வரணும். தாம்பரம் தெரிஞ்ச பிறகும் பத்து நிமிஷம் கடலைக் காட்டிக்கிட்டே இருப்பாங்களே, அதுக்குக் காரணம் இதுதான்.

மார்கழியில எல்லாம் தலைகீழ். வாடைக்காத்து. மதுரையில கிழக்க பார்த்து ஏறி இடது பக்கம் ஒடிச்சாப் போதும். சென்னையில தென்மேற்குல இருந்து நேரா இறங்கிரலாம், வந்த வழியிலயே ஓடுதளம். அதே 417தான், ஆனா ஆடியில போறவன் மார்கழியில போறவனை விடக் கூடுதலாச் சுத்துவான். திரும்பி வரும்போது யாருக்கு லாபம்னு நீங்களே போட்டுப் பாருங்க.

ஜூலை 21

"ஆடியில மேல வேற காத்துன்னு சொல்வாங்களே"ன்னு வாத்தியார். ஆமா சார். தரையில மேகாத்து அடிக்கிற அதே மாசத்துல, 15 கி.மீ. உயரத்துல கிழக்கே இருந்து மேற்க ஒரு பெரிய காத்தோட்டம் தென்னிந்தியா மேல ஓடும். அதை ஆராய்ஞ்சு 1958ல எழுதினது நம்ம நாட்டு வானிலை அறிஞர் பி. கோடேஸ்வரம். ஆனா சென்னை வண்டி அதுல பாதி உயரம்தான் போகும். நமக்கு அது எட்டாது.

ஆகஸ்ட் 4

சிவகாசி அன்பர் ஒருத்தர்: "மதுரையில இருந்து ரொம்பக் கிட்ட இருக்கிற வெளிநாட்டு ஊர் எது?"

அண்ணாச்சி, கேட்டீங்க பாருங்க. நேரடி விமானம் உள்ளதுல கொழும்பு. கட்டுநாயக்க ஓடுதளம் வரைக்கும் 354 கி.மீ. சென்னையை விட அறுபது கி.மீ. கிட்ட. ஸ்கேல் வச்சா கமுதி, கடலாடிப் பக்கமாப் போய் வாலிநோக்கத்துக்கு மேற்க கடல்ல இறங்குது கோடு. ஒரு மணி நேரத்தை ஒட்டின பயணம். 2012ல மதுரைக்குக் கிடைச்ச முதல் வெளிநாட்டு விமானமே கொழும்புதான்.

கிட்டன்னாலும் குறைஞ்ச நேரம்னு கணக்குப் போடாதீங்க. குடியுரிமைச் சோதனை, சுங்கம், மூணு மணி நேரம் முன்னாலயே வரச் சொல்றது எல்லாம் சேர்த்தா சென்னைக்குப் போய் வேலையை முடிச்சு காபி குடிச்சிருக்கலாம்.

ஆகஸ்ட் 5

நேத்து எழுதிட்டு யோசிச்சேன். கொழும்பை விடக் கிட்ட இன்னொண்ணு இருக்கு: யாழ்ப்பாணம், பலாலி. அட்சம் 9.79. நம்ம ஓடுதளம் 9.83. ரெண்டும் ஏறத்தாழ ஒரே கோட்டுல. இங்க ஏறிக் கிழக்க பார்த்து 217 கி.மீ. நேராப் போனா, தொண்டிக்குக் கொஞ்சம் வடக்க கடலைத் தொட்டு, பாக் நீரிணையைத் தாண்டி பலாலி. திருச்சி தூரத்தைப் போல ரெண்டு மடங்குகூட இல்ல. 2019 நவம்பர்ல சென்னையில இருந்து ஏடிஆர் விட ஆரம்பிச்சாங்க. 2024ல இங்கிருந்து போக நினைச்சவன் வடக்க 417 போய், மறுபடி தெற்க இறங்க வேண்டியிருந்துச்சு.

இந்தப் பக்கத்துல அங்க சொந்தம் உள்ள குடும்பங்க எத்தனையோ. கவுண்டர்ல வந்து கேட்கிற வயசான அம்மாமாருக்கு இந்த வரைபடத்தைக் காட்டக்கூட மனசு வராது.

செப்டம்பர் 1

நேத்து மதுரை–பெங்களூரு வந்தே பாரத் விட்டாச்சு. உடனே ஆறேழு பேர் கேட்டாச்சு, "இனி விமானம் எதுக்கு?"ன்னு.

பெங்களூரு வான்வழி 376 கி.மீ., அதுவும் சென்னையை விடக் கிட்ட. தேவனஹள்ளி ஏர்போர்ட்டு ஊருக்கு வடக்க ஒதுங்கி இருக்கு. அங்க இறங்கி ஜெயநகர் போறதுக்குள்ள நாக்குத் தள்ளிரும். ரயில் கன்டோன்மென்ட்டுல விடுது. பெங்களூருக்கு நான் ரயில் பக்கம்தான்.

சென்னைக்கு வீட்டு வாசல்ல இருந்து கணக்குப் போடுங்க. ஏர்போர்ட்டு செக்-இன் கவுண்டரை ஒரு மணி நேரத்துக்கு முன்னால மூடிருவாங்க, ஏறுற கதவு 25 நிமிஷத்துக்கு முன்னால. அதனால ஒன்றரை மணிக்கு முன்னாலயாவது ஏர்போர்ட்டுல நிக்கணும். மதுரை அண்ணாநகர்ல இருந்து ஏர்போர்ட்டுக்கு முக்கால் மணி. விமானம் ஒண்ணேகால். பெட்டி வந்து வெளிய வர அரை மணி. மெட்ரோ பிடிச்சு எழும்பூர் பக்கம் போக இன்னொரு முக்கால். மொத்தம் நாலே முக்கால் மணி நேரம். இதுல காத்துல இருந்தது அம்பது நிமிஷம். வந்தே பாரத் மதுரையில இருந்து எழும்பூருக்கு ஏறக்குறைய ஆறு மணி நேரம், 2019ல வந்த தேஜஸ் அரை மணி கூட. வீட்டுல இருந்து ஜங்ஷனுக்குப் போறதைச் சேர்த்தாலும் மிச்சம் ஒண்ணரை ரெண்டு மணி நேரம்தான்.

அவசரம், உடம்பு முடியாதவங்க, காலையில போய் ராத்திரி திரும்பணும்கிறவங்க, இவங்களுக்கு விமானம். மத்தவங்களுக்கு நான் டிக்கெட் விக்கிறவனா இருந்தும் சொல்றேன், வைகை எக்ஸ்பிரஸ்ல உட்கார்ந்து வேர்க்கடலை தின்னுக்கிட்டே போகலாம்.

செப்டம்பர் 3

"நீங்க இப்படி எழுதினா உங்க ஓனர் சும்மா விடுவாரா?" அவரு ரயில் டிக்கெட்டும் போடுறாரு.

அக்டோபர் 2

நேத்துல இருந்து மதுரை ஏர்போர்ட்டு 24 மணி நேரமும் இயங்கும்னு அறிவிப்பு. நல்லது. ஆனா நேரம் திறந்திருந்தா மட்டும் தூரத்து விமானம் வந்திராது. நம்ம ஓடுதளம் 2,285 மீட்டர். 12,500 அடி, அதாவது 3,810 மீட்டராக்கணும்னு எத்தனையோ வருஷமாப் பேச்சு. நிலம் எடுக்கணும், ரிங் ரோடு குறுக்க கிடக்கு, அதை அடியில விடணும். பெரிய வண்டி முழு எரிபொருளோட கிளம்ப நீளம் வேணும். நம்ம ஊர் வெயிலுக்கு இன்னும் கூடுதலா வேணும்; சூடான காத்து லேசு, இறக்கைக்குப் பிடிப்புக் குறைவு. சென்னைக்குப் போற வண்டிக்கு இந்தப் பிரச்சினை இல்ல. 417க்கு 2,285 மீட்டர் தாராளம்.

அக்டோபர் 19

கவுண்டர்ல நடந்தது. ஒரு அம்மா மகனைப் பார்க்க துபாய் போறாங்க. டிக்கெட்டைக் கையில வாங்கி நிதானமாப் பார்த்துட்டு, "தம்பி, போறதுக்கு ரெண்டரை மணி நேரம், வர்றதுக்கு அஞ்சரை மணி நேரமா? வரும்போது ஏன் இவ்வளவு மெதுவா ஓட்டுறாங்க?"

கணக்குல தப்பே இல்ல. கிளம்புற நேரம் இந்திய நேரம், இறங்குற நேரம் துபாய் நேரம். துபாய் நமக்கு ஒன்றரை மணி பின்னால. போகும்போது அது குறையும், வரும்போது கூடும். ரெண்டு பக்கமும் நிஜத்துல நாலு மணி நேரம் சுமார். சிங்கப்பூர் நமக்கு ரெண்டரை மணி முன்னால, அங்க இதே கூத்து எதிர்ப்பக்கமா நடக்கும். கொழும்புக்கு இந்தக் குழப்பம் இல்ல, 2006ல இருந்து அவங்க கடிகாரமும் நம்ம கடிகாரமும் ஒண்ணு.

அந்தம்மா கடைசியில சொன்னாங்க: "அப்ப என் மகன் எப்பவும் என்னை விட ஒண்ணரை மணி நேரம் சின்னவனாவே இருக்கானா?" பதில் சொல்லத் தெரியல எனக்கு.

நவம்பர் 16

ஒரு புலம்பல். போன வாரம் சென்னையில வேலை முடிச்சுத் திரும்பும்போது கதவைச் சாத்தி, வண்டியைப் பின்னால தள்ளி, அப்படியே நிறுத்திட்டாங்க. வெயில்ல உள்ள உட்கார்ந்தே முக்கால் மணி. இதுல வேடிக்கை என்னன்னா, புறப்பாட்டுக் கணக்குல அது நேரத்துக்குக் கிளம்பின வண்டி. கட்டையை எடுத்தாச்சே.

இன்னொரு வித்தையும் உண்டு. அம்பது நிமிஷம் பறக்கிற பாதைக்கு அட்டவணையில ஒண்ணேகால், ஒண்ணரைன்னு தாராளமா எழுதி வச்சிருவாங்க. கொஞ்சம் தாமதமாக் கிளம்பினாலும் குறிச்ச நேரத்துக்குள்ள போய்ச் சேர்ந்துரும். "பத்து நிமிடம் முன்னதாகவே தரையிறங்கிவிட்டோம்"னு ஒலிபெருக்கியில பெருமை வேற. ஜூலையில தம்பி கேட்ட அந்த மிச்ச நேரத்துல இதுக்கும் ஒரு பங்கு உண்டு, அப்ப எழுத விட்டுப் போச்சு. ஆனா முழுக்க ஏமாத்துன்னும் சொல்ல மாட்டேன். சென்னையில காலை நெரிசல்ல வரிசையில நிக்க வேண்டியது நிஜம், அதுக்கு இடம் விடாம எழுதினா அன்னைக்கு அந்த வண்டி போற எல்லா ஊரும் தள்ளிப் போகும்.

டிசம்பர் 3

ஃபெஞ்சல். நவம்பர் 30 சென்னை ஏர்போர்ட்டையே மூடிட்டாங்க. புயல் புதுச்சேரிப் பக்கம் கரை ஏறுச்சு. சரி, ரயில்ல போகலாம்னா நேத்து விக்கிரவாண்டி–முண்டியம்பாக்கம் பாலத்துல வெள்ளம், ரயில்களை நிறுத்தியாச்சு. ரோட்டுல போகலாம்னா விழுப்புரத்துக்கிட்ட நெடுஞ்சாலையில தென்பெண்ணைத் தண்ணி.

ஜூலை 13ல போட்ட கோட்டைத் திரும்பப் பாருங்க. விழுப்புரம். மூணு வழியும் ஒரே தடம்னு அன்னைக்கு ரசிச்சு எழுதினேன். ஒரே இடத்துல அடி விழுந்தா மூணும் படுத்துரும்னு அப்பத் தோணல. கடையில மூணு நாளா போனை எடுக்கவே பயமா இருந்துச்சு. ஒருத்தரு ஈரோடு போய் ரயில் மாறி சேலம், காட்பாடி வழியாப் போனேன்னு சொன்னாரு. கெட்டிக்காரர்.

டிசம்பர் 22

மார்கழி பிறந்து காத்தும் திரும்பிருச்சு. நேத்து காலை வண்டியில சென்னை போனேன். கிழக்க ஏறுச்சு, இடது பக்கம் ஒடிச்சுது, அப்புறம் இறங்குற வரைக்கும் பெரிய வளைவே இல்ல. கடலைக் காட்டவே இல்ல. பக்கத்துச் சீட்டுக்காரர் "என்னங்க அதுக்குள்ள வந்துருச்சு"ங்கிறாரு. அப்புறம் நிறுத்த இடம் கிடைக்காம தரையில நின்னதுல அந்த லாபம் போயிருச்சு, அது வேற கதை.

ஜனவரி 15, 2025

நேத்து பொங்கல், அவனியாபுரத்துல ஜல்லிக்கட்டு. ஏர்போர்ட்டு ரோடே அவனியாபுரம் வழிதான். சுத்தி விட்டுட்டாங்க. ஒரு வாடிக்கையாளர் வில்லாபுரத்துல இருந்து ஏர்போர்ட்டு போய்ச் சேர எடுத்துக்கிட்ட நேரத்துல விமானம் சென்னையே போயிருக்கும். தை ஒண்ணாந்தேதி டிக்கெட் கேட்கிறவங்களுக்கு நான் முதல்ல சொல்றது, "ரிங் ரோட்டுல போங்க, சீக்கிரம் கிளம்புங்க."

கோவில்பட்டியில இருந்து ஒரு கேள்வியும் நிலுவையில இருக்கு: மதுரையா, தூத்துக்குடியா? தூத்துக்குடி ஓடுதளம் உங்களுக்குக் கிட்ட; நேர்கோட்டுல 50 சொச்சம், மதுரை 75ஐத் தாண்டும். ஆனா அங்கருந்து சென்னை 527 கி.மீ., 2025 ஜனவரி நிலவரப்படி ஏடிஆர் மட்டும்தான். ரோட்டுல அரை மணி மிச்சம் பிடிச்சு மேல அதை விட்டுருவீங்க. மதுரைக்கு வண்டிகளும் கூட, ஒண்ணு ரத்தானா இன்னொண்ணு உண்டு. நான்னா மதுரை.

ஜனவரி 18, 2025

மேலூர் தம்பி திரும்ப வந்திருக்காரு. அப்பா அடுத்த மாசம் மறுபடி போறாராம், காலை வண்டி. எந்தப் பக்கம் சீட்டு போடலாம்னு கேட்கிறாரு. இடது பக்கம், ஏ சீட்டு. காலை வெயில் வலது பக்கம் அடிக்கும். கோட்டை ஒட்டிப் போனா திருச்சி மேல வரும்போது மலைக்கோட்டையும் ஸ்ரீரங்கமும் இடது கைப்பக்கம் விழும். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவுல தீவு தனியாத் தெரியும். ஏறி ஒரு கால் மணி நேரம் கழிச்சுக் கீழ பார்க்கச் சொல்லுங்க. இறக்கை மேல உள்ள வரிசை வேண்டாம். ஏடிஆர்னா எந்த வரிசையும் பரவாயில்ல.